ஏர் எடுத்தல்: கொங்கு நாட்டில் வண்டிகள் நிற்கக் கற்ற கதை

காரமடையில் என் மைத்துனருக்கு ஒரு பிக்கப் வண்டி உண்டு. வாரத்தில் மூன்று நாள் கறிவேப்பிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு குன்னூருக்கும் உதகைக்கும் போவார். திரும்பும்போது வண்டி வெறுமையாக வருவதில்லை. கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். மேலேறும்போது இலையின் எடை, கீழிறங்கும்போது கிழங்கின் எடை. ஆகவே அவருடைய கவலையெல்லாம் இறக்கத்தைப் பற்றியதே. எஞ்சின் சற்றே புகைந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். பிரேக் மிதி வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாகக் கீழே போனால் அன்று வண்டி நகராது.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சக்கர சிலிண்டர்களில் எண்ணெய் கசிந்தது கண்டு, அவற்றின் ரப்பர் பக்கெட்டுகளை வீட்டு முற்றத்திலேயே வைத்து மாற்றியிருந்தார். (சிலிண்டருக்குள் கிண்ணம்போல் அமரும் ரப்பர் அடைப்பானுக்குப் பட்டறைகளில் அதுதான் பெயர்.) குழாயைக் கழற்றினால் உள்ளே காற்று புகும். அதை எடுக்க இருவர் வேண்டும். விடுமுறைக்கு வந்திருந்த தமிழ் வாத்தியாரைத் தவிர வேறு ஆள் இல்லை. என்னை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்திவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

"மிதிங்க மச்சான்."

மிதித்தேன்.

"இன்னொருக்கா. இன்னொருக்கா. இப்பப் புடிச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்துறாதீங்க."

கீழே ஒரு திருகு நெகிழும் ஒலி கேட்டது. என் காலடியில் மிதி மெல்லத் தரையை நோக்கி இறங்கிற்று. பிறகு திருகு இறுகும் ஒலி. "உடுங்க." இவ்வாறு ஒரு மணி நேரம். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, என் காலை அவர் பார்க்கவில்லை. இடையே போய்வந்தவை மூன்றே வினைச்சொற்கள்: மிதி, பிடி, விடு.

அந்த இருக்கையில் அமர்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். கோயம்புத்தூரின் வரலாற்றை நாம் எப்போதும் இயக்கத்தின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை, 1930களின் தொடக்கத்தில் வந்த பைக்காரா மின்சாரம், 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் உருவாக்கிய மின்மோட்டார், பிறகு கிணறுதோறும் பம்புசெட்டு. கதிர் சுழல்வது, நீர் ஏறுவது, பேருந்து ஓடுவது. சுழலவும் ஓடவும் வைத்தவர்களின் பெயர்கள் சாலைகளிலும் கல்லூரிகளிலும் இருக்கின்றன. ஆனால் இந்த ஊர் அமைந்திருப்பது மலைகளின் காலடியில். வடக்கே நீலகிரியும் திம்பமும், தெற்கே ஆனைமலை. இந்நாட்டில் வண்டி ஓட்டியவர்கள் அத்தனை பேரும் ஏதேனும் ஒரு மலையிலிருந்து இறங்கியாக வேண்டியிருந்தது. அவர்கள் எப்படி நின்றார்கள் என்பதை யாரும் எழுதவில்லை.

இலக்கியமும் இதில் விலக்கல்ல. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். பள்ளத்தில் இறங்க நேருமோ மேட்டில் ஏற நேருமோ அறியாத உமணர், வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டி வைத்திருக்கிறார்கள். தகடூர் அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அந்த அச்சு உவமையாகிறது. வகுப்பில் இப்பாட்டை நடத்தும் ஒவ்வொரு முறையும் அந்த முன்யோசனையை வியந்து பேசியிருக்கிறேன். அச்சு முறியும் என்ற அச்சம் பாட்டில் இருக்கிறது. இறக்கத்தில் அந்த உப்புப் பொதி எருதுகளின் கழுத்தை என்ன செய்தது என்ற கேள்வியை நான் ஒரு மாணவரிடமும் கேட்டதில்லை.

என் அப்பாருக்கு அது தெரியும். அவர் இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவர். ஏற்றத்தில் மாடு இழுக்கும், இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும் என்பார். பாரம் ஏற்றும்போதே பயணத்தின் போக்கைக் கருதி முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டைகளை மாற்றி அடுக்குவார். அவருடைய வண்டியின் பின்னால், இரண்டு சக்கரங்களின் இரும்புப் பட்டையிலும் உரசுமாறு ஒரு நீளமான மரக்கட்டை குறுக்கே தொங்கும். அதை இழுத்துக் கட்டும் கயிறு முன்னால் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். இறக்கம் வந்ததும் கயிற்றை இழுத்துச் சுற்றினால் கட்டை பட்டையில் அழுந்தி அலறும். கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கயிறு எங்கே பிரிந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நின்றது ஏன், நிற்காதது ஏன் என்று கேட்டால் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். இந்தக் கட்டுரை முழுவதற்கும் எனக்கு வேண்டிய செய்தி இதுதான் என்பதால் சற்று விரித்துச் சொன்னேன்.

நீலகிரிக்கு ஏறிய முதல் பாதைகள் குதிரைக்கும் பல்லக்குக்குமானவை. சக்கரம் ஏறத்தக்க மலைப்பாதைகள் பின்னரே வந்தன. குன்னூர்ப் பாதையை அமைத்த லா என்ற படைப் பொறியாளரின் பெயர் குன்னூருக்கு அருகிலுள்ள ஓர் அருவிக்கு நிலைத்திருக்கிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறிற்று, 1908இல் அது உதகையைத் தொட்டது. இந்த ரயிலைப் பற்றி எழுதுபவர்கள் அனைவரும் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்சட்டத்தையும், பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஏறும் நீராவி எஞ்சினையும் வருணிப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்மேன்கள். பெட்டிக்கு ஒருவர். ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி என்ற சரிவில், எஞ்சின் ஊதலுக்குக் காது கொடுத்து அவர்கள் தத்தம் பெட்டியின் கைப்பிரேக்கைச் சுழற்றுகிறார்கள். வண்டி நிற்பதற்கு ஓட்டுநர் ஒருவர் போதாது. சொல்பவரும் செய்பவருமாகப் பலர் வேண்டும். காரமடை முற்றத்தில் நானும் மைத்துனரும் செய்துகொண்டிருந்தது அந்த ஊதலுக்குக் கட்டுப்பட்ட வேலையின் ஒரு சிறு வடிவம் என்று இப்போது தோன்றுகிறது.

மோட்டார் வண்டி வந்தபோது நிலைமை மாறிற்று. 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில் அவருடைய யூனிவர்சல் மோட்டார் சர்வீஸில் ஏறத்தாழ 280 வண்டிகள் இருந்தன. 1931இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்நாளைய வண்டிகளின் பிரேக் பெரும்பாலும் இரும்புக் கம்பிகளாலும் நெம்புகோல்களாலும் ஆனது. மிதியை அழுத்தினால் கம்பி இழுக்கும், டிரம்முக்குள் ஷூ விரியும். டிரம் பிரேக்கை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் 1902இல் லூயி ரெனோ. கம்பி முறையில் ஒரு பெருங்குறை உண்டு. ஒரு சக்கரத்தின் கம்பி மற்றொன்றைவிடச் சற்றே இறுக்கமாக இருந்தாலும் அந்தச் சக்கரம் முதலில் பிடித்து வண்டி பக்கவாட்டில் இழுபடும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்தையும் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். தொல்லைதான். ஆனால் என் அப்பாருடைய கயிற்றைப்போல் அதுவும் கண்ணுக்குத் தெரிவது.

நாயுடுவைப் பற்றி ஒரு சொல். இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதுபோல் ஒன்றை வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்து மீண்டும் பூட்டினார் என்ற கதை கோவையில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லப்படுகிறது. 1945இல் அவர் முயற்சியில் எழுந்த ஆர்தர் ஹோப் பெயரிலான தொழிற்கல்வி நிறுவனங்களில் ஒன்றே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் முன்னோடி. பாடக் காலத்தை வெகுவாகக் குறைத்துக் கையால் கற்பிக்கலாம் என்று அவர் வாதிட்டதும், அரசு அதை ஏற்காததால் அவர் விலகியதும் பதிவானவை. அவருடைய கருத்து முழுதும் சரியென்று நான் நினைக்கவில்லை. ஒரு கல்லூரி ஆசிரியன் அப்படி நினைத்தால் சம்பளம் வாங்க இயலாது. ஆனால் பிரித்துப் பார்த்துவிடலாம் என்ற துணிவு இவ்வட்டாரத்தின் பொதுச்சொத்தானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. மைத்துனர் படித்தது பத்தாம் வகுப்பு. வண்டி அவருடையது, திருகும் அவருடையது.

இனி திரவத்துக்கு வருவோம். அமெரிக்காவில் விமானம் கட்டிக்கொண்டிருந்த சகோதரர்களில் ஒருவரான மால்கம் லாக்ஹீட், கம்பிகளுக்குப் பதிலாகக் குழாயில் அடைத்த திரவத்தால் நான்கு சக்கரங்களையும் ஒரே சமயத்தில் அழுத்தலாம் என்று கண்டு 1917இல் காப்புரிமை பெற்றார். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னது. 1921இல் ட்யூசன்பர்க் கார் நான்கு சக்கரத் திரவ பிரேக்குடன் வந்தது. அதே ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தை அந்நிறுவனத்தின் வண்டி வென்றது. 1924இல் கிரைஸ்லர், கசியும் தோல் அடைப்பான்களை நீக்கி ரப்பரைப் பயன்படுத்தியது. ஃபோர்டு மட்டும் 1939ஆம் ஆண்டு மாடல் வரை பிடிவாதமாகக் கம்பி முறையையே வைத்திருந்தது. உருக்குக் கம்பியை நம்பலாம், தண்ணீரை எப்படி நம்புவது என்ற அந்த ஐயத்தை முழுமையாகக் கேலி செய்ய என்னால் முடியவில்லை.

அந்தத் தொடக்ககாலத் திரவத்தில் என்ன இருந்தது என்று தேடியபோதுதான் எனக்கு வியப்பு. ஆல்கஹாலில் கலந்த விளக்கெண்ணெய்! பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதிப் பெருக்கிக் கெடுத்துவிடும். விளக்கெண்ணெய் ரப்பருக்குத் தீங்கு செய்யாது, உராய்வுக்கும் நல்லது. ஆகவே பல பத்தாண்டுகள் உலகின் கார்கள் ஆமணக்கின் தயவால் நின்றன. கொங்கு மானாவாரிக் காடுகளில் வரப்போரம் நிற்கும் அதே ஆமணக்கு. என் அப்பாரு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து, வண்டிக்கு அடியில் தொங்கும் மூங்கில் குழாயில் அடைத்து வைத்து அச்சுக்குப் பூசுவார். சக்கரம் உருளவும் அதே எண்ணெய், நிற்கவும் அதே எண்ணெய். இன்று புட்டியில் வருவது கிளைகால் வகையைச் சேர்ந்த வேதித் திரவம். இருந்தும் நம்மவர்கள் அதை பிரேக் ஆயில் என்றே அழைக்கிறார்கள். அது எண்ணெய் அல்ல. அந்தப் பெயரை நம்பி, அவசரத்துக்கு வேறு எண்ணெயை ஊற்றியவர்கள் உண்டு. ஒருமுறை மைத்துனரின் பழைய வண்டிக்கு ஒரு பட்டறையில் அப்படி நடந்து, பக்கெட்டுகளெல்லாம் ஊறி வீங்கி, பிரேக் பிடித்த பிடியை விடாமல் டிரம் புகைந்தது. வண்டியைத் தன் கையாலேயே பார்ப்பது என்ற முடிவுக்கு அவர் வந்தது அன்றைக்குத்தான்.

சுதந்திரத்துக்குப் பின் 1957இல் அம்பாசடர் வந்தது. 1962இல் சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூக்காஸ் குழுமமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. கர்லிங் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அன்றாடச் சொல்லானது அவ்வழியே. 2005இல் டாடா ஏஸ் வந்ததும், குட்டி யானை என்ற பெயரோடு அது ஊருக்குள் நுழைந்ததும், அதன்பின் பிக்கப்கள் தெருவுக்கு நான்கு என்று பெருகியதும் நாம் கண்ட வரலாறு. பெரிய லாரிகளின் கதை வேறு. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் நிற்கும் கனரக லாரிகளில் பிரேக்கை இயக்குவது அழுத்தப்பட்ட காற்று. 1869இல் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்கென்று கண்ட முறையின் வழிவந்தது. அங்கே காற்று நண்பன், தண்ணீர் பகை; தொட்டியின் அடியில் சேரும் நீரை ஓட்டுநர்கள் அவ்வப்போது திறந்து விடுவார்கள். பிக்கப்பில் இது தலைகீழ்.

ஏன் காற்று பகை? திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாது, காற்றைச் சுருக்கலாம். குழாயில் ஒரு குமிழி இருந்தால் நம் கால் தரும் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதில் செலவாகிவிடும். மிதி பஞ்சுபோல் அமுங்கும், சக்கரம் பிடிக்காது. இதை நான் புத்தகத்தில் படித்தபோது புரிந்ததைவிட, மைத்துனர் "நம்ம கெணத்து மோட்டார் மாதிரித்தானுங்க மச்சான்" என்றபோது நன்றாகப் புரிந்தது. கிணற்று மேட்டிலுள்ள பம்பின் உறிஞ்சு குழாயில் காற்று நின்றால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. ஃபுட் வால்வு கசிகிறதா என்று பார்த்து, மேலிருந்து குடம் குடமாக நீர் ஊற்றிக் குமிழிகள் அடங்கும்வரை காத்திருந்து மூடியை இறுக்குவது கொங்குச் சிறுவர்கள் எல்லோரும் பத்து வயதுக்குள் செய்த வேலை. குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் காற்றைப் பற்றிய அறிவு இங்கே பம்புசெட்டு வழியாக வந்தது என்பது என் துணிபு. கல்வெட்டுச் சான்று கேட்பவர்கள் மன்னிக்கவும்.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் இவ்வேலைக்குக் குருதி வடிப்பது என்ற பொருளுடைய சொல் வழங்குகிறது. வெளியே வழியும் திரவத்தைக் கண்டு வைத்த பெயர். நம் பட்டறைகளில் 'ஏர் எடுக்கிறது' என்கிறார்கள். பாதிச் சொல் ஆங்கிலம்தான், ஆயினும் பெயர் சுட்டுவது வழிவதை அல்ல, போக வேண்டியதை. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் உண்டாக்கிய தடுப்பி, நிறுத்தி முதலியவற்றை எந்த மெக்கானிக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் வருத்தப்படவும் எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது என் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990களின் நடுவில் அவர் சத்தியமங்கலத்தில் ஒருவருடைய வேனுக்கு ஓட்டுநர். தாளவாடியிலிருந்து முட்டைக்கோசு ஏற்றி இறங்கிக்கொண்டிருந்தார். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்குமேல் இறங்கிவிட்ட நிலையில் மிதி திடீரெனத் தரையைத் தொட்டது. இன்னொரு மிதி, அதுவும் வெறுமை. பள்ளத்துப் பக்கம் போகாமல் வண்டியை மலைச்சரிவில் மோதி நிறுத்தினார். கிளீனர் பையனுக்குக் கால் முறிந்தது. மறுநாள் காலை வண்டியைச் சோதித்தபோது மிதி கல்லைப்போல் உறுதியாக நின்றது. பிரேக் நன்றாக இருக்கிறது, ஓட்டுநர் உறங்கியிருப்பார் அல்லது குடித்திருப்பார் என்று முடிவாயிற்று. மாமா குடிக்காதவர். அதன்பின் அவர் வண்டி தொடவில்லை. ஊரில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார். இறக்கும்வரை "பிரேக் இல்லீங்க, மிதிச்சேனுங்க" என்று கேட்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்களே பாதி நம்பினோம், பாதி நம்பவில்லை. மருமகனாகிய நானும் அந்தப் பாதியில் இருந்தவன்தான்.

அவர் சொன்னது நடக்கக்கூடியதே என்பதை நான் அறிந்தது இந்தக் கோடையில். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த வரம்பு 140 பாகைதான். டாட் 4 வகைக்கு முறையே 230, 155. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய திரவத்தைப் பத்தாண்டு மாற்றாமல் ஓடும் வண்டி, பாரத்தோடு மலையிறங்கும்போது ஓட்டுநர் மிதியில் கால் வைத்தபடியே இருந்தால், டிரம்மின் சூடு சிலிண்டருக்குள் ஏறித் திரவத்திலுள்ள நீரைக் கொதிக்க வைக்கும். நீர் ஆவியாகும். ஆவி என்பது காற்றைப் போலச் சுருங்கக்கூடியது. மிதி தரையைத் தொடும். வண்டி நின்று சூடு ஆறியதும் ஆவி மீண்டும் நீராகிவிடும், மிதி பழையபடி உறுதியாகும். சான்று தானாகவே மறைந்துவிடுகிறது. என் அப்பாருடைய கயிறு அறுந்திருந்தால் அறுந்த முனை அங்கேயே கிடந்திருக்கும்.

மாமாவின் வண்டியில் நடந்தது இதுதான் என்று நிறுவ இனி வழியில்லை. ஆனால் மறுநாள் காலை பிரேக் நன்றாக இருந்தது என்பது முந்தைய நாள் மாலைக்குச் சாட்சியாகாது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். மாமாவுக்கு அதைச் சொல்ல நான் இருபது ஆண்டு பிந்திவிட்டேன்.

வேலையின் வரிசையையும் எழுதிவிடுகிறேன். இலக்கிய வாசகர்களிலும் வண்டி வைத்திருப்பவர்கள் உண்டு. மைத்துனர் முதலில் செய்தது காற்றெடுப்பது அல்ல, ஷூ சரிசெய்வது. மிதி கீழே போவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கீழே போய் உறுதியாக நின்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். பஞ்சுபோல் அமுங்கினால் காற்று. முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதைத் தேடினால் நாள் முழுதும் மிதித்தாலும் மிதி மேலே வராது. கைப்பிரேக்கை முழுதும் தளர்த்தி, டிரம்மின் பின்தட்டிலுள்ள துளை வழியே பல்சக்கரத்தை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, சக்கரம் சுழலாதபடி ஷூ இறுகும்வரை கொண்டுபோய், பிறகு சில பற்கள் பின்வாங்க வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுழலவேண்டும், காதில் ஒரு மெல்லிய உரசல் மட்டும் கேட்கலாம். தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு பல வண்டிகளில் உண்டு என்றாலும், துருவேறினால் அது செயலற்றுவிடும். டிரம்மைக் கழற்றியபோது உள்ளிருந்த தூசியை அவர் ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. ஏர் கன்னால் அந்தத் தூசியை முகத்துக்கு நேரே ஊதிக்கொண்டிருந்த பட்டறைப் பையன்கள் ஒரு தலைமுறை முழுவதும் இருந்தார்கள். அவர்களுடைய நுரையீரலின் வரலாறும் எழுதப்படாததே.

ஷூ முடிந்தபின் காற்று. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பழைய முறை. வலப்புறம் அமர்ந்து ஓட்டும் நம் பிக்கப்களில் அது பெரும்பாலும் இடது பின்சக்கரம். (எல்லா வண்டிக்கும் இவ்வரிசை பொருந்தாது, கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.) நிப்பிளில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிதளவு திரவம் உள்ள புட்டியில் முக்கி வைக்கிறார். நான் மூன்று நான்கு முறை மிதித்துப் பிடிக்கிறேன், அவர் திறக்கிறார், மூடியபின் நான் விடுகிறேன். வரிசை மாறி, மூடுவதற்குள் நான் காலை எடுத்தால் வெளியேறிய காற்று அதே வழியில் உள்ளே திரும்பும். ஒருமுறை அவ்வாறு எடுத்தும்விட்டேன். "வாத்தியாருங்கறதனால ஒண்ணும் சொல்லல" என்று கீழிருந்து குரல் வந்தது. மேலே திரவக் கலம் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும் பொறுப்பு அவருடைய மகளுக்கு. அது வற்றினால் அதுவரை எடுத்ததெல்லாம் வீண்.

பின்சக்கரங்களை அந்தரத்தில் தொங்கவிடாமல், பாரம் சக்கரத்தில் நிற்குமாறு வண்டியை மேடையேற்றி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துத்தான் அவர் காற்றெடுத்தார். காரணம் கேட்டேன். அவருடையதைப்போன்ற பிக்கப்களில் பின்அச்சோடு இணைந்த ஒரு வால்வு உண்டு. பின்னால் பாரம் குறைவாக இருந்தால் அது பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அச்சு தொங்கினால் வண்டி வெறுமை என்று எண்ணிக்கொள்ளும். என் அப்பாரு மூட்டை அடுக்கும்போது கையால் கணித்த முன்பாரமும் பின்பாரமும் ஒரு வில்லாகவும் வால்வாகவும் மாறி வண்டியின் வயிற்றில் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.

எவ்வளவு காலம் இது முற்றத்தில் நடக்கும் என்று தெரியவில்லை. ஏபிஎஸ் பொருத்திய சில வண்டிகளில் அதன் உள்வால்வுகளைத் திறக்கக் கணினிக் கருவி தேவை. அது இல்லாமல் அங்கே சிக்கிய காற்று வெளியேறாது. சறுக்காமல் நிறுத்தும் அந்த அமைப்பு உயிர்களைக் காக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. 1960களில் மாஸ்டர் சிலிண்டரை இரண்டாகப் பகுத்தபோதும் இப்படித்தான் ஒரு முன்னேற்றம் வந்தது. ஒரு குழாய் உடைந்தாலும் இரண்டு சக்கரங்களாவது பிடிக்கும். வண்டி மேலும் நன்றாக நிற்கிறது. ஏன் நின்றது என்பது அதன் உரிமையாளரின் கையை விட்டு இன்னொரு படி விலகிவிட்டது.

புட்டிக்குள் வந்த முதல் திரவம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. அதில் கடுகளவு குமிழிகள் வரிசையாக எழுந்தன. நான் இறங்கிச் சென்று குனிந்து பார்த்தேன். திறந்த நிப்பிளுக்கு முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டும், சில நொடிகள், குழாய்க்குள் இருந்தது கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு குமிழி நின்று வெளிர்மஞ்சளாகத் திரவம் வந்தது. அடுத்த சக்கரத்துக்குப் போனோம்.

நான்கும் முடிந்து, வீட்டுக்கு முன்னாலுள்ள மண்சாலையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தார். பிறகு தார்ச்சாலையில். பாதிக்குமேல் மீந்த பிரேக் ஆயில் டின்னை என் மாமியார் எடுத்து, மூடியைத் திருகி, அடுத்த முறைக்கு ஆகும் என்று அட்டாலிக்குக் கொண்டுபோனார். மைத்துனர் அதை வாங்கி மேசைமேல் வைத்தார். திறந்த டின் ஈரம் குடித்துவிடும், இனி அது மலைக்கு ஆகாது என்றார். அம்மா நம்பவில்லை. நானூறு ரூபாய்ச் சாமான், மூடித்தானே இருக்கிறது, ஈரம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். திம்பத்துக் கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று தோன்றியதும் பேசாமல் கை கழுவப் போனேன்.